பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை: கொடுக்கும் முறையும் கொடுத்த பின் பார்க்க வேண்டியதும்

அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை ஒரு பிள்ளை மென்று விழுங்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் சரியாக நடக்க, பெயர்ப் பட்டியல், சாப்பாட்டு நேரம், குடிதண்ணீர், விடுபட்டவர்களைப் பிடிப்பது என்று முன்னும் பின்னும் நிறைய வேலை இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், நகரத்திலிருந்து முகாம் நடத்தப் போகும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இந்த மாத்திரை தடுப்பூசி மாதிரி அடுத்த ஆறு மாதத்துக்குக் காவல் நிற்காது. அன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும், ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். மறுவாரமே பிள்ளை வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றால் புதுப் புழு ஏறும். மருந்து கொடுத்து ஆறு மாதத்துக்குள், மூன்று முக்கியப் புழுக்களிலும் முன்பிருந்த தொற்றில் பாதிக்கு மேல் திரும்பிவிடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை கொடுப்பதன் காரணம் இதுதான்.

எந்தப் புழு, என்ன செய்கிறது

ஊரில் எல்லாவற்றுக்கும் 'வயித்துப் பூச்சி' என்று ஒரே பெயர். ஆனால் மருந்துக்கு அவை ஒரே மாதிரி மசிவதில்லை.

உருண்டைப்புழு, அதாவது நாக்குப்பூச்சி, 15 முதல் 35 செ.மீ. வரை வளரும். பெண் புழு ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 2 லட்சம் முட்டை இடும். மலத்தோடு வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பழுக்க வேண்டும். விழுங்கிய முட்டையிலிருந்து வரும் இளம்புழு நுரையீரல் வரை போய்ச் சுற்றி, தொண்டை வழியாக மறுபடி குடலுக்கு வந்து, வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கொக்கிப்புழு வாய் வழியாக வரவேண்டிய அவசியமில்லை. பாதத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். துளைத்த இடத்தில் சேற்றுப்புண் போல அரிப்பெடுக்கும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பதுதான் இதன் வேலை. இனத்தைப் பொறுத்து ஒரு புழு நாளுக்கு 0.03 முதல் 0.2 மி.லி. வரை ரத்தத்தைப் போக்கும். குறைவாகக் குடிக்கும் இனமே நூறு இருந்தால் மாதம் 90 மி.லி. ரத்தம் போகும். சத்துணவில் கிடைக்கும் இரும்புச்சத்தெல்லாம் இந்தக் கணக்கிலேயே கரைந்துவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிகம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய கள ஆய்விலும் முதன்மையாகத் தென்பட்டது கொக்கிப்புழுதான்.

சாட்டைப்புழு 3 முதல் 5 செ.மீ. இருக்கும். பெருங்குடலின் தொடக்கத்தில் தலையைத் திசுவுக்குள் நுழைத்துக்கொண்டு கிடக்கும். ஏராளமாக இருந்தால் சளியும் ரத்தமுமாகக் கழியும், சில பிள்ளைகளுக்கு ஆசனவாய் வெளியே தள்ளும்.

கீரிப்பூச்சி என்கிற நூல்புழு தனி வகை. மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு செய்தி. முகத்தில் வெள்ளைத் திட்டு, தூக்கத்தில் பல் நறநறப்பது, இனிப்பு அதிகம் தின்பது, இவற்றை வைத்து 'பூச்சி இருக்கு' என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம். முகத்துத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது. இனிப்பிலிருந்து புழு பிறப்பதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு: பல்பம், சாம்பல், பச்சரிசி, சுவர் மண் இவற்றைத் தின்னும் பழக்கம், கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பது, விளையாட்டில் முதலில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவது. இவை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள். அதற்குப் பின்னால் கொக்கிப்புழு இருக்கலாம்.

யாருக்கு எவ்வளவு

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று இரண்டு சுற்று. 1 வயது முதல் 19 வயது வரை எல்லாருக்கும், புழு இருக்கிறதா என்று சோதிக்காமலேயே கொடுக்கப்படும். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் வாக்கில் இன்னொரு நாள் உண்டு. விடுமுறை, தேர்தல், தேர்வு என்று தேதி நகர்வது வழக்கம், ஆகவே அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

அளவு எளிது. 1 வயது முடிந்து 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரை மாத்திரை, 200 மி.கி., பொடித்துத் தண்ணீரில் கரைத்து. 2 முதல் 3 வயது வரை முழு மாத்திரை, அதையும் பொடித்துக் கரைத்து. 3 வயதுக்கு மேல் 19 வரை முழு மாத்திரை, மென்று விழுங்க வேண்டும். எடை பார்க்கத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கும் ஒரே அளவுதான். 'இவன் குண்டா இருக்கான், ரெண்டு குடுத்துடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொடிக்கும் முறை: மாத்திரையைச் சுத்தமான இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து அழுத்தவும். கட்டி எதுவும் இல்லாமல் மாவாக வேண்டும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு ஸ்பூன் விட்டுக் குழைத்து, குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவும். அழும் குழந்தையைப் படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவது நம் வீடுகளில் பழகிய வழி. இந்த மாத்திரையில் உயிருக்கு மிகவும் ஆபத்தான விஷயம் அதுதான். மருந்தால் வரும் கேட்டைவிட, மருந்து மூச்சுக்குழாயில் சிக்கி வரும் கேடு பல மடங்கு பெரிது. அழுதால் நிறுத்திவிட்டு, அமைதியானபின் கொடுங்கள். அன்று முடியாவிட்டால் விடுபட்டோர் நாளில் கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாதவர்கள், தள்ளிப்போட வேண்டியவர்கள்

அன்று காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு வேண்டாம், தேறிய பின் கொடுக்கலாம். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணம். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்து அதனால் வலிப்பு வந்திருந்தால், அல்பெண்டசோல் அந்தக் கட்டியைத் தாக்கும்போது வீக்கம் உண்டாகி வலிப்பு மூளலாம். தவிர, பெனிடாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். நீண்டகால மருந்து சாப்பிடும் மற்றப் பிள்ளைகளையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் கூடவே கூடாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இதை வரிசையில் நிறுத்திவைத்துக் கேட்பது அநாகரிகம். முந்தின நாளே ஓர் ஆசிரியையோ செவிலியரோ மாணவிகளைத் தனியாக உட்காரவைத்து, 'மாத்திரை வேண்டாம்னு நினைக்கிறவங்க காரணம் சொல்ல வேண்டியதில்ல, எங்கிட்ட வந்து பேர மட்டும் சொல்லுங்க' என்று சொல்லிவிடுவது நல்லது. மாதவிலக்கு நாளில் சாப்பிடலாமா என்று நிறையப் பெண் பிள்ளைகள் தயங்குவார்கள். தாராளமாகச் சாப்பிடலாம்.

சென்ற சில வாரங்களில் தனியார் மருத்துவரிடமோ வேறு முகாமிலோ அல்பெண்டசோல் வாங்கிச் சாப்பிட்டவர்களையும் விசாரியுங்கள். ஒரு வேளை கூடுதலாகப் போனால் பெரும் கேடில்லை, ஆனாலும் தேவையில்லை. நகரத்துக் குழுக்கள் அன்போடு கொண்டுபோகும் மாத்திரைப் பெட்டி, அரசுச் சுற்று முடிந்த இரண்டாம் வாரம் போய் இறங்குவது அடிக்கடி நடக்கிறது. முகாம் தேதியைத் தீர்மானிக்கும் முன் அந்தப் பகுதி வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். ஆடு வளர்க்கும் ஊர்களில் இன்னொன்றும் சொல்லிவைக்க வேண்டும்: ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்து பாட்டிலிலிருந்து பிள்ளைக்கு ஊற்றக் கூடாது. மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவு வேறு.

முந்தின வாரம் செய்ய வேண்டியவை

வருகைப் பதிவேட்டின்படி வகுப்புவாரியாகப் பெயர் எழுதி, எண்ணிக்கையோடு பத்து சதவீதம் கூட்டி மாத்திரை கேளுங்கள். கீழே விழுவது, துப்பிவிடுவது, பள்ளியில் சேராத பிள்ளை வந்து நிற்பது எல்லாம் அந்தப் பத்தில் அடங்கும். வந்த அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையைப் பாருங்கள். காலாவதித் தேதி மட்டும் போதாது. நிறம் மாறியிருந்தால், தொட்டால் உதிர்ந்தால், ஈரம் பட்டுப் பிசுபிசுத்தால் திருப்பி அனுப்புங்கள். தலைமையாசிரியர் அறை பீரோவில், வெயிலும் ஈரமும் படாத தட்டில், 30 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும். தகரக் கூரைக் கட்டடத்தில் பீரோவின் மேல்தட்டு பிப்ரவரியிலேயே கொதிக்கும், ஆகவே கீழ்த்தட்டு.

பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டிய செய்தி மூன்று வரிதான்: எந்தத் தேதி, காலையில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், லேசாக வயிறு முறுக்கினால் பயப்பட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களிடம் இதைச் சொல்லி அனுப்பினால் நோட்டீஸைவிட வேகமாகப் போகும்.

மாத்திரை கொடுக்கும் நாள்

வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் இயல்பில் கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் பசியோடு வெயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளை மயங்கி விழும், பழி மாத்திரை மேல் விழும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கும் தொடக்கப் பள்ளிகளில், காலை உணவு முடிந்து அரை மணி நேரத்தில் கொடுப்பது மிகவும் வசதி, மாலை வரை பிள்ளை கண்முன்னே இருக்கும். மற்ற வகுப்புகளுக்கு மதிய உணவு முடிந்தவுடன். பள்ளி விடும் நேரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். வாராந்தர இரும்புச்சத்து மாத்திரை அதே நாளில் வந்தால் அதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் எதனால் என்று யாருக்கும் தெரியாது.

வகுப்பறைக்குள்ளேயே, பெஞ்சில் உட்காரவைத்துக் கொடுங்கள். மைதானத்தில் முழுப் பள்ளியையும் நிறுத்தினால் கூச்சலும் தள்ளுமுள்ளும்தான் மிஞ்சும். கொடுப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, மாத்திரையை அட்டையிலிருந்து நேராகப் பிள்ளையின் உள்ளங்கையில் விடவேண்டும். பிள்ளையின் கையும் கழுவியிருக்க வேண்டும், நகத்தில் முட்டையை வைத்துக்கொண்டு பூச்சி மாத்திரை சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள். சாக்லேட் சுவைபோல இருக்கும் என்று ஆசை காட்ட வேண்டாம். சில கம்பெனி மாத்திரை இனிக்கும், சிலது சுண்ணாம்புக் கட்டி மாதிரிதான் இருக்கும். ஏமாந்த பிள்ளை துப்பும், பார்த்த அடுத்த பிள்ளையும் துப்பும். 'மாவு மாதிரி இருக்கும், நல்லா கடிச்சு மென்னு, அப்புறம் தண்ணி குடி' என்று உள்ளதைச் சொன்னால் போதும். மென்றதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நாக்கிலும் கடைவாய்ப் பல் இடுக்கிலும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் மென்றிருக்கிறது என்று பொருள். நாக்கு சுத்தமாக இருந்து, கன்னம் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் மாத்திரை முழுசாக அங்கே ஒளிந்திருக்கும். கழிப்பறைக்குப் போகிறேன் என்று அவசரமாகக் கிளம்பும் ஏழாம் வகுப்புப் பையன் மீதும் ஒரு கண் இருக்கட்டும். தண்ணீர் குடித்து மறுபடி வாய் பார்த்த பின்தான் அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும்.

பெரிய பிள்ளைகளும் மெல்லத்தான் வேண்டும். முழுசாக விழுங்கினால் தொண்டையில் சிக்கும் ஆபத்து ஒரு பக்கம், மாத்திரை குடல் முழுக்கச் சரியாகப் பரவாமல் போவது இன்னொரு பக்கம்.

வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே அன்று சாப்பிட்டவருக்கு ஒற்றை டிக், விடுபட்டோர் நாளில் சாப்பிட்டவருக்கு இரட்டை டிக். மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. 'அம்மாகிட்ட குடுத்துடு' என்று அனுப்பிய மாத்திரை சட்டைப் பையிலேயே கரைந்து போகும், அல்லது ஒன்றரை வயதுத் தம்பி வாய்க்குள் முழுசாகப் போகும்.

ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால்

புழு அதிகம் இருக்கும் வயிற்றில் மருந்து இறங்கும்போது வயிறு முறுக்கலாம், குமட்டலாம், ஓரிரு முறை பேதியாகலாம், தலை சுற்றலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். நிழலில் படுக்கவைத்து, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுத்து, கூடவே ஓர் ஆள் இருந்தால் போதும். வாந்தி எடுத்தவருக்கு அன்றே இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டாம், பெயரை விடுபட்டோர் பட்டியலில் எழுதுங்கள்.

சிக்கல் அடுத்த பத்து நிமிடத்தில்தான். ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அதைப் பார்த்து அடுத்த வகுப்பு. அரை மணியில் பள்ளி வாசலில் ஆட்டோக்கள் நிற்கும், மறுநாள் செய்தியாகிவிடும். பெரும்பாலும் பயம் ஒட்டிக்கொண்டு பரவுவதுதான் இதற்குக் காரணம், பிள்ளைகள் நடிப்பதாகத் திட்டக் கூடாது, அவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும். முதல் பிள்ளையை உடனே மற்றவர் கண்ணில் படாத அறைக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. மற்ற வகுப்புகளில் பாடத்தை நிறுத்தாதீர்கள். சுகாதார நிலைய மருத்துவரின் கைபேசி எண் தலைமையாசிரியர் மேசையில் எழுதி ஒட்டியிருக்கட்டும். 104 எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், வலிப்பு, நினைவு தப்புதல், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தால் யோசிக்காமல் 108. மாத்திரை சாப்பிடும்போதே தொண்டையில் சிக்கி, இருமவும் முடியாமல் திணறினால் குனியவைத்து, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள்.

ஓடி வரும் அம்மாவிடம் என்ன பேசுவது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். 'மாத்திர போட்டதுல இருந்து வவுத்த வலிக்குதுன்றான் டீச்சர்' என்று அவர் நின்றால், 'ஒன்னுமில்லம்மா, போங்க' என்று திருப்பி அனுப்பினால் ஊரே அடுத்த சுற்றில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது. 'உள்ள பூச்சி இருந்தா கொஞ்ச நேரம் முறுக்கும்மா. புள்ள பக்கத்துல உக்காருங்க, தண்ணி குடுங்க, ஒரு மணி நேரம் சேர்ந்தே பாப்போம்' என்று சொல்லி நாற்காலி போடுங்கள்.

மறுநாள் மலத்தில் புழு வந்தால் பயப்படுவார்கள், வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். உருண்டைப்புழு மட்டும்தான் கண்ணில் படும்படி வரும், அதுவும் சில நாள் கழித்துக்கூட வரலாம். கொக்கிப்புழு ஒரு செ.மீ. அளவே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்துக் கழுவ வேண்டியதில்லை, பட்டினி போட வேண்டியதும் இல்லை.

ஒரு மாத்திரை போதாத பிள்ளைகள்

ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை நூற்றுக்கு 95 பேரிடம் ஒழிக்கும். கொக்கிப்புழுவை ஏறக்குறைய 80 பேரிடம். சாட்டைப்புழுவை 30 பேரிடம்தான். அடிக்கடி சளி ரத்தமாகக் கழியும் பிள்ளைக்கு 'போன மாசந்தானே மாத்திரை போட்டோம்' என்று இருந்துவிடக் கூடாது. சாட்டைப்புழு என்று மலப் பரிசோதனையில் தெரிந்தால் மருத்துவர் நாளுக்கு 400 மி.கி. வீதம் மூன்று நாள் தருவார், சிலருக்கு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தையும் சேர்ப்பார்.

சோகை தெரியும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழேயும், 12 முதல் 14 வயது வரை 12-க்குக் கீழேயும் போனால் சோகை. 8-க்குக் கீழ் என்றால் பள்ளியில் மாத்திரை கொடுத்துச் சரிசெய்யும் நிலை தாண்டிவிட்டது, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். புழுவைக் கொன்றுவிட்டு இரும்புச்சத்துக் கொடுக்காமல் விட்டால் பிள்ளை தேறாது, போன ரத்தம் தானாகத் திரும்பாது. வாராந்தர மாத்திரை தடுப்புக்கானது. சோகை வந்துவிட்டால் எடைக்கேற்ற தினசரி மருந்து குறைந்தது இரண்டு மூன்று மாதம் தேவைப்படும்.

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் துடிக்கும் பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கவே கூடாது. உருண்டைப்புழுக்கள் பின்னிக்கொண்டு குடலை அடைத்திருக்கலாம். வாயில் எதுவும் கொடுக்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ நேராகக் கொண்டு போங்கள்.

கீரிப்பூச்சிக்கு மட்டும் தனிக் கணக்கு. இரவில் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமில்லாமல் புரள்வது, சிறுமிகளுக்குப் பிறப்புறுப்பிலும் எரிச்சல். ஒரு செ.மீ. நீளமுள்ள பெண் புழு இரவில் வெளியே வந்து பத்தாயிரம் முட்டை வரை இட்டுவிடும், அவை சில மணி நேரத்திலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். காலையில் கழுவும் முன், குளிக்கும் முன், ஒட்டுநாடாத் துண்டின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் முட்டை தெரியும். மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று. முதல் மாத்திரை முட்டைகளைக் கொல்லாது, அவை பொரிந்து வருபவற்றுக்குத்தான் இரண்டாவது. நகத்தை ஒட்ட வெட்டி, ஜட்டி போட்டுத் தூங்கவைத்து, காலையில் எழுந்தவுடன் குளிக்கவைத்து, பாய் விரிப்பையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும்.

மலப் பரிசோதனைக்கு அனுப்பும்போது

கிராமத்திலிருந்து சென்னை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புபவர்கள் சறுக்குமிடம் நேரம். கொக்கிப்புழு முட்டை நம் வெயிலில் ஒரே நாளில் பொரிந்துவிடும். நெல்லிக்காய் அளவு மலம், வாயகன்ற மூடி போட்ட டப்பா, சிறுநீரும் மண்ணும் கலக்காமல், ஐஸ் பை வைத்த பெட்டியில், எடுத்த அன்றே போய்ச் சேர வேண்டும். மண்ணில் இருந்து எடுத்துப் போட்டால் மண்ணிலேயே வாழும் வேறு புழுக்கள் கலந்து குழப்பும். காட்டோ-காட்ஸ் முறையில் எண்ணும் ஆய்வகமாக இருந்தால், 41.7 மி.கி. மலத்தில் எண்ணிய முட்டையை 24-ஆல் பெருக்கி ஒரு கிராமுக்கு எத்தனை என்று சொல்வார்கள். சில்லு போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் அதில் சேர்க்கும் கிளிசரின் கொக்கிப்புழு முட்டையைக் கரைந்தது போல் தெளியவைத்துவிடும், 'புழு இல்லை' என்று தாள் வரும். அந்த நேரத்தை ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிராமுக்கு 4,000-க்கு மேல் கொக்கிப்புழு முட்டை என்றால் கடும் தொற்று. உருண்டைப்புழுவுக்கு அந்த எல்லை 50,000.

மண்ணும் கழிப்பறையும்

வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் பள்ளி வளாகத்தில் எங்கே ஈரம் காயாமல் நிற்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கு நிழல், ஈரம், மணல் கலந்த மண் மூன்றும் வேண்டும். நேர் வெயிலில் காய்ந்த மண்ணில் நிலைக்காது. தண்ணீர்க் குழாயடி, கழிப்பறைக்குப் பின்பக்கம், வாழை நட்ட மூலை, பிள்ளைகள் ஒதுங்கும் வேலியோரம் இவைதான் இடங்கள். அங்கே கல் பரப்பி, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, செருப்பில்லாமல் போகாதபடி செய்தால் பாதி வேலை முடிந்தது. செருப்பை வகுப்பு வாசலில் கழற்றிப் போடும் வழக்கமுள்ள பள்ளிகளில், இடைவேளையில் கழிப்பறைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், நான்கு ஜோடி ரப்பர் செருப்பைக் கழிப்பறை வாசலிலேயே வைத்துவிட்டால் சொல்ல வேண்டிய வேலையும் இல்லை.

பிளீச்சிங் பவுடர் தூவினால் புழு முட்டை சாகும் என்று நம்பாதீர்கள். உருண்டைப்புழு முட்டையின் ஓடு தடிமன், குளோரினுக்கு அசையாது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசரும் இந்த முட்டைக்கு ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கையிலிருந்து முட்டையை அடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான் வழி. சோப்பு காணாமல் போகிறது என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள புலம்பல். பழைய காலுறையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு கட்டி ஒரு வாரம் வரும். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நகம் பார்ப்பது பழைய வழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். சத்துணவுக் கூடத்தில் கீரை, கொத்தமல்லி, கேரட்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுக்காமல் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும்.

இரட்டைக் குழிக் கழிப்பறை இருந்தால் நிறைந்த குழியை மூடி இரண்டு ஆண்டு விட்டபின் அள்ளுங்கள். அவசரப்பட்டு ஆறு மாதத்தில் அள்ளித் தோட்டத்துக்குப் போட்டால், முட்டை உயிரோடு கத்தரிப் பாத்திக்கு வந்து சேரும்.

பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். சூளையில் கழிப்பறை இருக்காது, மண்ணில்தான் நாள் முழுக்க விளையாட்டு. பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் மாத்திரை தரவேண்டும் என்பது விதி. ஆனால் சூளையிலிருந்து அங்கன்வாடிக்கு யார் அழைத்துவருவார்கள்? மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு மேல், வேலை ஓயும் நேரம், செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் நேரில் போனால்தான் கிடைப்பார்கள். மேஸ்திரியிடம் முன்னாலேயே சொல்லிவைத்து, இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பிள்ளை சாப்பிட்டிருக்கிறதா, வலிப்பு உண்டா, அண்மையில் பூச்சி மருந்து சாப்பிட்டதா என்ற மூன்று கேள்வியை அவர்தான் கேட்க வேண்டும். இவர்கள் தை வாக்கில் வந்து ஜூனில் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதால் பிப்ரவரிச் சுற்று மட்டுமே கைக்கு எட்டும். ஆகஸ்ட் மாத்திரையை அவர்கள் ஊரில் வாங்கிக்கொள்ள வசதியாக, மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தாயிடம் கொடுத்தனுப்புங்கள்.